பாலமா, மணலா, பாறையா: ஒரே ஒரு தூண்டிலோடு எங்கே நிற்பது?

கம்பு வளைந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கடல் பாலத்துக்குக் கீழே தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு பாரை மீன் களைத்துப்போய் ஒருக்களித்துக் கிடந்தது. மூன்று கிலோ தேறும். கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் ஆறு மீட்டர் கீழே. லைன் தாங்கும் என்று நினைத்து ரீலைச் சுற்றினேன். மீன் தண்ணீரை விட்டு மேலே வந்தது, காற்றில் ஒரு தடவை உடம்பை உதறியது, பாதி உயரத்தில் உதடு கிழிந்து தூண்டில் முள் கழன்றது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் காலடியில் சுருட்டி வைத்திருந்த கயிற்றையும் வளைய வலையையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வலையை இறக்கியிருப்பேனே தம்பி" என்றார்.

அதே மீன் மணல் கரையில் மாட்டியிருந்தால் அடுத்த அலையே அதை என் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் மணல் கரையில் நின்றிருந்தால் அந்த மீன் மாட்டியிருக்குமா? இந்தக் கேள்விக்குள்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாகக் கடல் தூண்டிலுக்கு வருகிறவர்கள் எந்த ராட், அதாவது கம்பு, வாங்கலாம், எந்த ரீல் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கே நிற்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கம்பின் நீளம், இரையை அடியில் இறக்குகிற ஈயத்தின் எடை, இரை, செருப்பு, கூட யார் வரவேண்டும் என்பது வரை அந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

படகு இல்லாதவருக்குப் பொதுவாக நான்கு இடங்கள். கடலுக்குள் நீளும் பாலம், திறந்த மணல் கரை, பாறை அல்லது கல் கொட்டிய அலைத்தடுப்பு, அப்புறம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். நான்கிலும் நின்றிருக்கிறேன், நான்கிலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். யாருக்கு, எந்த நாளில், எது சரிப்படும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

பாலம்: மீன் ஏன் அங்கே வருகிறது?

கடலடி பெரும்பாலும் வெறும் மணல். அதன் நடுவில் ஒரு தூண் நட்டால் கொஞ்ச காலத்தில் அதன்மேல் பாசி படரும், கூரான ஓடுள்ள கொட்டலசு ஒட்டும், சிப்பி பிடிக்கும், இண்டு இடுக்கில் சிறு நண்டுகள் குடியேறும். அதைத் தின்னச் சின்ன மீன்கள், அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள். போதாததற்கு நிழல் வேறு. பட்டப்பகலில் பாலத்துக்கடியில் சாளைக் குஞ்சுகள் கும்பலாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்த வெளியில் அவற்றுக்கு ஒளிய இடமில்லை. அந்தக் கும்பலின் ஓரத்தில் எங்கேயோ ஒரு சீலாவோ பாரையோ நிச்சயம் காத்திருக்கும். ஆக, பாலத்தில் நிற்கிறவர் மீனைத் தேடிப் போவதில்லை. மீன் ஏற்கெனவே வந்து தங்கியிருக்கிற வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறார்.

இரண்டாவது லாபம் தூரம். மணலில் நிற்பவர் நூறு மீட்டர் எறிந்து சேர்க்கிற ஆழத்துக்குப் பாலத்தில் நிற்பவர் நடந்தே போய்விடுகிறார். அதனால் ஆறேழு அடிக் கம்பு போதும், 3000 அல்லது 4000 அளவு ரீல் (எண் கூடக்கூட ரீல் பெரிது) போதும், 30 முதல் 60 கிராம் ஈயம் போதும். தூண்டிலை நேர் கீழே இறக்கினால் லைன் செங்குத்தாக நிற்கும், கிழங்கான் மீன் மூக்கால் முட்டுவதுகூட விரல் நுனியில் தெரியும். எறியத் தெரியாதவரும் முதல் நாளே மீன் பிடிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். பிள்ளைகளையும் முழங்கால் வலிக்காரர்களையும் கூட்டிப்போகவும் வசதி.

மூன்றாவது, ராத்திரி. விளக்கு இருக்கிற பாலத்தில் வெளிச்சம் தண்ணீரில் விழும் இடத்துக்கு மிதவை உயிரிகள் வரும், அவற்றின் பின்னால் பொடி மீன், பொடி மீனின் பின்னால் கணவாய். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வெளிச்சத்தின் நடுவில் இரையைப் போடுவார்கள். பெரிய மீன் அங்கே நிற்காது. வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற கோட்டில், இருட்டுப் பக்கமாக நிற்கும். தான் தெரியாமல் எதிரே இருப்பதெல்லாம் தெரிகிற இடம் அதுதானே. இரையை வெளிச்சத்தில் விட்டு மெதுவாக இருட்டுக்குள் இழுத்துப் பாருங்கள்.

இப்போது எல்லோரும் செய்கிற ஒரு தப்பு. பாலத்தில் கால் வைத்ததும் விடுவிடுவென்று நுனிக்குப் போய்விடுவது. அங்கேதான் ஆழம், அங்கேதான் பெரிய மீன் என்ற எண்ணம். ஓடித் திரியும் பாரைக்கும் சீலாவுக்கும் அது ஓரளவு சரிதான். ஆனால் கிழங்கான், கத்தாளை மாதிரி மணல் கிளறித் தின்னும் மீன்கள் நுனியைவிட அலை உடைகிற இடத்தைத்தான் விரும்பும். உடைகிற அலை மணலைப் புரட்டிப் புழுவையும் சிறு நண்டையும் வெளியே கொண்டுவருகிறது. அலை உடைகிற திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும், பாலம் அதன் குறுக்கே போகிறது. எல்லோரும் அந்தப் பள்ளத்தின் தலைக்கு மேலாகத்தான் நுனிக்கு நடக்கிறார்கள். என் கூடை பெரும்பாலும் நிறைந்தது பாலத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில். கூட்டமும் அங்கே குறைவு.

எந்தப் பக்கம் நிற்பது என்பதும் முக்கியம். நீரோட்டம் பாலத்தின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும். ஓட்டம் வெளியேறுகிற பக்கம் நின்றால் உங்கள் லைன் தூண்களை விட்டு விலகிப் போகும், நிம்மதி. ஓட்டம் உள்ளே வருகிற பக்கம் நின்றால் இரை பாலத்துக்கடியில் போகும். மீனுக்கு அது பிடித்த இடம்தான், ஆனால் மாட்டிய மீன் ஒரு தூணைச் சுற்றினால் கொட்டலசின் விளிம்பு பிளேடு மாதிரி லைனை அறுத்துவிடும். பழகுகிற வரைக்கும் வெளியேறுகிற பக்கமே நில்லுங்கள்.

சரி, பாலத்தின் குறைகள். முதல் குறையை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். தண்ணீருக்குள் மீனின் எடையைத் தண்ணீரே தாங்குகிறது. வெளியே தூக்கிய நொடியில் மொத்த எடையும் உதட்டிலும் முடிச்சிலும் விழுகிறது. அதற்கு மேல் மீன் ஒரு உதறு உதறினால் அந்த நொடியில் இழுவிசை பல மடங்கு. 15 பவுண்ட் தாங்கும் லைனில் 7 பவுண்டுகூட இல்லாத மீன் போவது இப்படித்தான். லைன் அறாவிட்டாலும் உதடு கிழியும். ஒரு கிலோவுக்கு மேல் எதுவானாலும் கயிற்றில் கட்டிய வளைய வலையை இறக்கி, மீனை அதற்குள் ஓட்டி, வலையைத்தான் தூக்க வேண்டும். மீன் தலை முதலில் உள்ளே போகிற மாதிரி ஓட்டுங்கள், வால் பக்கமாகப் போனால் துள்ளி வெளியேறிவிடும். இரண்டு பேர் வேண்டிய வேலை இது. தனியாகப் போகிறவர் பக்கத்து ஆளிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. வலையே இல்லாவிட்டால் கம்பைப் பிடித்தபடி மீனோடு கரைப்பக்கம் நடந்துபோய் மணலில் ஏற்றலாம். நடுவில் நிற்கிற ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் கீழுமாக லைனைக் கடத்திக்கொண்டு போகும் அந்த ஊர்வலம் பார்ப்பவர்களுக்கு நல்ல வேடிக்கை.

அடுத்தது கூட்டம். இரண்டு மீட்டருக்கு ஒருவர் நிற்கிற பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் பத்து லைனும் ஒரே சிக்கலாகிவிடும். தலைக்கு மேல் கம்பைச் சுழற்றி எறிவதைப் பல பாலங்களில் தடுத்திருக்கிறார்கள். பின்னால் குழந்தை ஓடுகிற இடத்தில் முள் கட்டிய கம்பைச் சுழற்றுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. கைக்கடியில் ஊசலாட்டி விடப் பழகுங்கள். பக்கத்தில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் லைனைச் சுற்றி எடுத்துவிடுங்கள். எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது, ஆனால் இதைச் செய்யாதவரிடம் அடுத்த வாரம் யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொன்று, மடவை. பாலத்துக்குக் கீழே கை நீளத்துக்கு மடவை நூற்றுக்கணக்கில் ஓடும், ஒன்றுகூட இறாலைத் திரும்பிப் பார்க்காது. அது பாசியையும் சேற்றுப் படிவையும் உறிஞ்சித் தின்கிற மீன். அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு நாளை ஓட்டிய புதியவர்கள் நிறைய, நானும் அதில் ஒருவன்.

மணல் கரை: கடலைப் படிக்கத் தெரிய வேண்டும்

மணல் கரையில் உங்களை யாரும் இடிக்கமாட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் இடம். அதுவே பிரச்சினையும்கூட. எங்கே நிற்பது? பாலத்தில் இந்தக் கேள்விக்குத் தூண் பதில் சொல்லிவிடுகிறது. இங்கே தண்ணீரைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. தண்ணீர் வற்றிய நேரத்தில் தூண்டில் இல்லாமல் ஒரு நடை போங்கள். ஏற்றத்தில் மறைந்துபோகிற பள்ளம், திட்டு, கல் எல்லாம் அப்போது வெளியே தெரியும். கரையில் ஒரு மரம், ஒரு கம்பம் என்று அடையாளம் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறும்போது அந்த இடத்தில் போய் நின்றால் போதும். வற்ற நேரத்தில் போக முடியாவிட்டால் அலையைப் பாருங்கள். அலை வெள்ளையாக உடைகிற இடம் திட்டு. உடையாமல் வழுக்கி வருகிற, கொஞ்சம் கருத்துத் தெரிகிற பட்டை பள்ளம். அந்தப் பள்ளம் கரைக்கு வெகு அருகில், இருபது முப்பது மீட்டருக்குள்கூட இருக்கும். புதியவர் அதற்கு மேலாக எண்பது மீட்டர் எறிந்துவிட்டு மீனே இல்லை என்பார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மீனுக்கு அப்பால் எறிவதுதான் கரைத் தூண்டிலில் அதிகம் நடக்கிற தப்பு. முதல் எறி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டு திட்டுகளுக்கு நடுவே ஒரு கருத்த பட்டை நேராகக் கடலுக்குள் போனால், நுரை வெளிப்பக்கமாக ஓடினால், அது ரிப் கரண்ட் என்கிற இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. கரையில் புரண்ட இரையெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகும், அதனால் அதன் இரு ஓரங்களிலும் மீன் நிற்கும். தூண்டில் போட அருமையான இடம், காலை வைக்க மிக மோசமான இடம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பதைத் தூண்டில் முடிச்சு கற்பதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

கருவி விஷயத்தில் மணல் கரை கறார். 11 முதல் 13 அடிக் கம்பு. அவ்வளவு நீளம் தூரத்துக்காக மட்டும் என்று நினைப்பார்கள். பாதிக் காரணம் வேறு. லைன் உடைகிற அலைக்கு மேலாகப் போக வேண்டும். குட்டைக் கம்பில் ஒவ்வொரு அலையும் லைனை அடித்து வயிறு போட வைக்கும், ஈயத்தை உருட்டிவிடும், மீன் கொத்துவது தெரியவே தெரியாது. ஈயம் 100 முதல் 150 கிராம், ஓட்டம் பலமாக இருந்தால் கம்பிக் கால்கள் வைத்து மணலைக் கவ்விப் பிடிக்கிற ஈயம். ரீல் 6000க்கு மேல்.

அந்த எடையை முழு வீச்சில் எறிகிறவர் மெல்லிய லைனின் முனையில், எறியும் அதிர்வைத் தாங்குகிற ஷாக் லீடர் என்ற தடித்த லைனைக் கட்டியே ஆக வேண்டும். கணக்கு சுலபம். ஒவ்வொரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்ட் லீடர். ஐந்து அவுன்ஸ் ஈயம் என்றால் 50 பவுண்ட். லீடர் ரீலில் சில சுற்றுகள் ஏறிய பின்னும் கம்பின் நீளத்துக்குக் குறையாமல் வெளியே தொங்க வேண்டும். இதைச் செய்யாமல் எறிந்து லைன் அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டு போலப் போகும், எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு லைனை வெறும் விரலால் பிடித்து எறிகிறவருக்கு விரலும் அறுபடும், ஒரு கையுறையோ விரல் உறையோ இருக்கட்டும்.

மணல் ரீலுக்கு எமன். ஒரே ஒரு முறை ரீலை மணலில் சாய்த்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வரை நற நற என்று அரைத்துக்கொண்டே வந்தது. மணலில் குத்தி நிறுத்துகிற ராட் ஹோல்டர் இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சி அடித்தால் உப்பும் மணலும் உள்ளேதான் போகும்.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். கால் உரசினால் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலால் குத்தும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். அதன் விஷம் புரதம், சூட்டில் வீரியம் குறையும். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், உடைந்த முள் உள்ளே தங்கியிருக்கலாம். கெளுத்தி பாலத்திலும் கரையிலும் மாட்டும். அதன் முதுகிலும் இரு பக்கத்திலும் இருக்கிற முள்ளுக்கும் இதே வைத்தியம்.

இத்தனை தொல்லை இருந்தும் ஏன் கரைக்குப் போக வேண்டும் என்றால், மாட்டிய மீன் கைக்கு வருவது இங்கேதான். அலை வரும்போது மீனோடு பின்னால் நடந்து இழுக்க வேண்டும், அலை திரும்பும்போது இழுக்காமல் லைனை மட்டும் விறைப்பாகப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று அலையில் மீன் ஈர மணலில் கிடக்கும். சின்ன மீனைத் திருப்பி விடுவதற்கும் கரைதான் உகந்தது. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து தூக்கி எறியப்படும் மீனுக்கும், தண்ணீரில் கையால் பிடித்து விடப்படும் மீனுக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றா என்ன?

பாறை: என் தயக்கம்

மீனை மட்டும் வைத்துப் பார்த்தால் பாறைக்கும் கல் கொட்டிய தடுப்புக்கும்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். காலடியிலேயே ஆழம், இடுக்கெல்லாம் களவா, வெள்ளை நுரைக்கடியில் பாரை. கடலுக்குள் வளைந்து போகும் கல் தடுப்பைத் 'தூண்டில் வளைவு' என்றே சொல்கிறார்கள். பெயர் அதன் வடிவத்தால் வந்தது என்றாலும் தூண்டில்காரருக்கு எழுதி வைத்த அழைப்பிதழ் போலத்தான் இருக்கிறது.

ஆனாலும் புதியவருக்கு நான் பாறையைச் சொல்லமாட்டேன். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சின்னதாகப் பத்துப் பதினைந்து வந்தபின் பெரிய அலைகள் சில சேர்ந்து வரும். பத்து நிமிடம் கால் நனையாமல் நின்ற இடத்தில் பதினோராவது நிமிடம் இடுப்பளவு தண்ணீர் வரலாம். பாறைக்கு இறங்குமுன் இருபது நிமிடமாவது உயரத்தில் நின்று கடலைப் பார்க்க வேண்டும். ஈரமாகக் கருத்திருக்கிற பாறையென்றால் அலை அங்கே வருகிறது என்று அர்த்தம். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. உயிர்காப்பு ஜாக்கெட் போட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாறையில் நின்று பிடிப்பவர்கள் தொடர்ந்து அலையில் போனதால் 2016-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஆபத்தான இடங்களில் ஜாக்கெட் இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம். தனியாகப் போகிறவர் பாறையை மறந்துவிடுங்கள். என் முடிவு அவ்வளவுதான், இதில் பேரம் இல்லை.

துணையோடு போகிறவருக்கு ஒரு யோசனை மட்டும். பாறையில் ஈயம் சிக்கிக்கொண்டே இருக்கும். ஈயத்தை மட்டும் மெலிந்த, சீக்கிரம் அறுகிற தங்கூஸில், அதாவது நைலான் இழையில், தனியாகக் கட்டுங்கள். சிக்கினால் ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும்.

முகத்துவாரம்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தூண்டில்காரர்கள் இதை ரகசியமாகவே வைத்திருக்க விரும்புவார்கள். கடல் கொந்தளித்து மற்ற மூன்றும் உதவாத நாளில் போக வேண்டிய இடம் முகத்துவாரத்தின் உட்பக்கம். ஒன்பது அடிக்குள் ஒரு கம்பு, லேசான ஈயம், உயிர் இறால். வற்றம் தொடங்கி உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறும்போது இறாலும் பொடி மீனும் அதோடு வரும், வாசலில் கொடுவா காத்திருக்கும். வாய்க்காலின் நடுவைவிட ஓட்டம் வேகமாகப் போகும் இடமும் மெதுவாகச் சுழலும் இடமும் உரசிக்கொள்கிற கோட்டில் இரையை விடுங்கள். சேறு, கொசு, சிப்பி வெட்டு மூன்றுக்கும் தயாராகப் போக வேண்டும். வற்றத்தின்போது வாசலில் இழுப்பு பலமாக இருக்கும், இடுப்பளவு தண்ணீரில் நின்று சாகசம் வேண்டாம்.

நாளைப் பார்த்து இடத்தை முடிவு செய்வது

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, முதலில். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று ஆறு மணிக்கு வந்த ஏற்றம் இன்று ஆறு ஐம்பது வாக்கில் வரும். போன ஞாயிறு காலையில் நன்றாகக் கிடைத்தது என்று இந்த ஞாயிறும் அதே நேரத்துக்குப் போகிறவர், கிட்டத்தட்ட நேர் எதிரான தண்ணீரில் போய் நிற்கிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் பெரிது, ஓட்டமும் வேகம். அஷ்டமி வாக்கில் இரண்டும் தணிந்திருக்கும். இது எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தண்ணீர் 16 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் கண்ணுக்கே தெரியாது, மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம். உங்கள் கரையின் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

கரைக்கு நல்ல நேரம் ஏற்றம் முடிவதற்கு முந்தைய இரண்டு மணியும் பிந்தைய ஒரு மணியும். பள்ளத்தில் தண்ணீர் இருந்தால்தான் மீன் உள்ளே வரும். பாலத்தில் தண்ணீர் எப்போதும் உண்டு. ஓட்டம் இருந்தால் சரி, ஏற்றமா வற்றமா என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரத்தில் எங்கே நின்றாலும் டீ குடிக்கலாம். ஆகவே, ஓதம் பார்த்து விடுப்பு எடுக்க முடிகிறவர் கரைக்குப் போகலாம். வேலை முடிந்து கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் போகிறவருக்குப் பாலம்தான் கட்டுப்படியாகும்.

காற்று அடுத்தது. கடலிலிருந்து கரைக்கு மிதமாக வீசுகிற காற்று அலையைக் கிளறி மீனைக் கரைக்குக் கொண்டுவரும், அன்று மணல். பக்கவாட்டில் பலமாக வீசினால் மணலிலும் பாலத்திலும் லைன் நிற்காது, அன்று முகத்துவாரம். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தால் கரையில் பகலில் நிற்பது வீண், பாலத்துக்கு ராத்திரி போங்கள். இடி இடித்தால் எங்கேயும் போகாதீர்கள். திறந்த கரையிலும் பாலத்திலும் சுற்றிலும் உயரமான பொருள் நீங்களும் உங்கள் கம்பும்தான். கார்பன் கம்பு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஐம்பதடி தள்ளி நின்றால் விதி மாறுகிற இடங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் பொதுக் கடல்பாலத்தில் நின்று பிடிக்க மீன்பிடி உரிமம் வேண்டாம். அந்தப் பாலத்தை விட்டு இறங்கிப் பக்கத்து மணலில் நின்றால், 16 வயது நிறைந்தவருக்கு வேண்டும். எந்த மீன், எந்த அளவுக்கு மேல், எத்தனை என்ற விதிகள் இரண்டு இடத்துக்கும் பொது. பாலத்தில் நிற்பதாலேயே எதையும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை.

அப்படியானால் ஒரே ஒரு தூண்டில் வாங்கப் போகிறவர் எதை வாங்குவது? இரண்டுக்கும் நடுவே பத்தடிக் கம்பு ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பார்கள். பாலத்தில் அது நீளம், கரையில் அது குட்டை. ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். எட்டடிக்குள் பாலத்துக்கான கம்பையே முதலில் வாங்குங்கள். 20 பவுண்ட் பிரெய்டு, முனையில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கூஸ், வட்டமாக உள்ளே வளைந்த சர்க்கிள் முள். அந்த முள்ளுக்குச் சுண்டி இழுக்கத் தேவையில்லை. மீன் இரையோடு நகர்ந்தால் தானாகவே வாயோரத்தில் ஏறும். தொண்டைக்குள் போவது குறைவு, அதனால் சின்ன மீனை உயிரோடு விடலாம். சீலா பல்லுக்கு மட்டும் ஒரு சாண் கம்பி லீடர் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள், உலர்ந்த முடிச்சு உரசிச் சூடாகிப் பலம் இழக்கும். இதே கம்பை முகத்துவாரத்துக்கும் எடுத்துப் போகலாம். கடல் அமைதியாக இருக்கிற நாளில் பள்ளம் பக்கத்தில் இருந்தால் மணலிலும் சமாளிக்கும். நீளக் கம்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் அது உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்திருக்கும்.

இப்போதெல்லாம் நான் கரைக்குப் போகிற நாளிலும் முதலில் பாலத்தில்தான் ஏறுகிறேன். கம்பைக் காரிலேயே விட்டுவிட்டு, பாதிப் பாலம் வரை நடந்து, தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கிற போலராய்டு கண்ணாடியோடு திரும்பிக் கரையைப் பார்ப்பேன். மணலில் நின்றால் எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிகிற இடம், அந்த உயரத்திலிருந்து வரைபடம் விரித்த மாதிரி இருக்கும். திட்டு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே கரையைத் தொடுகிறது, நுரை எந்த வழியாக வெளியே போகிறது, எந்த இடத்தில் பறவை தாழப் பறக்கிறது, எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கரையில் நேராக ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொண்டு இறங்கிப் போவேன். சில நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலத்தின் நிழலில் சாளைக் கும்பல் படாரென்று சிதறும். அன்றைக்குக் கரையை மறந்துவிட்டுக் காருக்கு ஓடுவேன், கம்புக்கும் வளைய வலைக்கும்.